காஹாங் தோட்டத்தில் ஒரு சிரானிப் பாட்டு

ஜோகூருக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சீமையின் ரோட்டையும் ரயிலையும் புகழ்ந்து எழுதுகிறார்கள். நான் புகழப் போகவில்லை. என் தங்கை தையல்நாயகியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துவரப் போனேன். நாகப்பட்டினத்தில் மாட்டுத் தரகு செய்கிறவனுக்குக் கடல் தாண்டிப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

தையலுக்கு முதல் குழந்தை அங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்தது. ஒன்பது மாதம் உயிரோடு இருந்தது. காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டது. மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று மாப்பிள்ளை எழுதிய கடிதத்தின் அடியில் அவள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள். 'அண்ணே, இதையாவது நம்ம ஊர்ல பெத்துக்கிறேன்.' மாப்பிள்ளை எழுதிய இரண்டு பக்கத்தையும் நான் சரியாகப் படிக்கவில்லை. அந்த ஒரு வரிக்காகக் கப்பல் ஏறினேன்.

கப்பலின் மேல்தட்டில் எங்களை அடைத்த விதத்தில் நான் மாட்டை அடைத்தால் சந்தையில் ஒருவனும் என்னோடு பேசமாட்டான். மாட்டுக்குக் கூட நடுவில் தண்ணீர் காட்டுவோம். சிங்கப்பூருக்கு வெளியே ஒரு தீவில் இறக்கி, உடம்பெல்லாம் மருந்துத் தண்ணீரை ஊற்றி, துணிமணிகளை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். என் பட்டுக்கரை வேட்டி கோணிப்பை மாதிரி திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் இல்லை.

கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டி அதன்மேல் ரயில் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு அதிசயம் என்றார்கள். தாண்டினால் ரப்பர் மரம். பிறகும் ரப்பர் மரம். ஒரு மணி நேரம் தூங்கி விழித்தேன், அதே ரப்பர் மரம். ஊர் என்றால் இரண்டு சாதி மரமாவது வேண்டாமா?

குளுவாங் ரயிலடியில் ஒரு சீனர் கடையில் காப்பி கொடுத்தார்கள். கொட்டையைக் கரியாக வறுத்து, கோப்பையின் அடியில் தகர டப்பாப் பாலைக் கூழ் மாதிரி ஊற்றி, மேலே கறுப்புத் தண்ணீரை விடுகிறார்கள். பசும்பால் இல்லையா என்று கேட்டேன். கடைக்காரர் பொறுமையாக டப்பாவைக் காட்டினார். அதன்மேல் ஒரு மாட்டின் படம் இருந்தது. அந்தச் சீமையில் நான் பார்த்த நல்ல மாடு அது ஒன்றுதான். ரொட்டி மட்டும் நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

காஹாங் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் மாப்பிள்ளை வைத்தியலிங்கம் சின்னக் கிராணி. அதாவது ஆபீசில் கணக்கெழுதுகிற இரண்டாம் குமாஸ்தா. பெரிய கிராணி வயதாகி ஊருக்குப் போகப் போகிறார். அந்த நாற்காலியின் மேல் மாப்பிள்ளைக்குக் கண். துரை தும்மினால் இவர் கைக்குட்டையை எடுக்கிறார். நான் போய் இறங்கிய அன்றே, "எப்ப அழைச்சிக்கிட்டுப் போகட்டும்?" என்று கேட்டேன்.

"வந்ததும் வராததுமா என்ன மச்சான்? மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். மூன்று வாரம் சாப்பிட்டேன். தையலுக்கு ஐந்து மாசம் முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து எங்கள் ஊருக்குக் கப்பல் புறப்படப் பத்து நாள் இருந்தது. அதை விட்டால் அடுத்த கப்பலுக்குள் ஏழு பிறந்துவிடும். ஏழாம் மாசப் பிள்ளைத்தாச்சியை அந்த மேல்தட்டில் படுக்கவைக்க நான் துணிய மாட்டேன். இதை மாப்பிள்ளையிடம் தினமும் சொன்னேன். காலையில் சொன்னால் துரை கூப்பிடுகிறார் என்று போய்விடுவார். சாயங்காலம் சொன்னால் களைப்பாக இருக்கிறது என்பார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் பொறுங்க மச்சான். தொரையம்மா ஒரு கச்சேரி கேக்குறாங்க. நான் ஏற்பாடு பண்றதா சொல்லிட்டேன்."

"கச்சேரிக்கும் எந் தங்கச்சிக்கும் என்ன?"

"அவ இப்பப் போனா..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

"பெரிய கிராணி வேலை போயிடுமோ?" என்று நான் முடித்தேன்.

அவர் கழுத்துப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். எனக்கு அது ஒப்புக்கொண்டதாகவே பட்டது.

துரையம்மா கல்யாணமான புதிதில் போர்த்துக்கல் தேசத்துக்குப் போயிருந்தாளாம். அங்கே ஒரு பாட்டுக் கேட்டாளாம். அதே பாட்டு மலாக்காவில் இருப்பதாக யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். நானூறு வருஷத்துக்கு முன் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் அங்கேயே பெண் கட்டிக் குடும்பமாகிவிட்டார்கள். அந்த வம்சத்தாரைத்தான் மலாய்க்காரர் சிரானி என்கிறார்கள். பெரும்பாலும் மீன் பிடிக்கிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நிறம் நம் நிறம்தான். எங்கள் நாகப்பட்டினத்தையும் அந்தப் போர்த்துக்கீசியர் கொஞ்ச காலம் ஆண்டதாகச் சொல்வார்கள். பாட்டு எதையும் விட்டுப் போகவில்லை. அந்த மட்டும் நல்லது.

சிரானிப் பாட்டுக்காரர்களை மலாக்காவுக்குப் பக்கத்து ஊரான மூவாரிலிருந்து கூட்டிவர லாரி போயிற்று. மாப்பிள்ளைக்கு நேரமில்லையாம், என்னைப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்த மச்சினனைக் கூத்தாடிகளை ஏற்றிவர அனுப்புகிற மனிதர் வேறு எங்கும் இருக்கமாட்டார். தையல் முகத்துக்காகப் போனேன்.

லாரி டிரைவர் காதர் நாகூர்க்காரர். பதினைந்து வருஷமாக மலாயாவில் இருக்கிறார். வாய் ஓயாது. வழியில் செம்மண் சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. வழியே போன மூன்று சீனர்களும் ஒரு மலாய்க்காரரும் நானும் தள்ளினோம். காதர் உள்ளே உட்கார்ந்தபடி, "தள்ளுங்க லா! மாட்டையெல்லாம் தள்ளியிருக்கீங்கள்ல?" என்றார். மாடு தானாக எழுந்து நடக்கும் என்று சொன்னேன். சக்கரம் கிளம்பியபோது என் மேல் இருந்த சேற்றின் எடை எனக்கே தெரிந்தது. காலில் இரண்டு அட்டை.

மூவார் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஊர் இருக்கிறது. கரையெல்லாம் தணல் மூட்டி, மீனை அரைத்து மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஓலையில் மடித்துச் சுட்டு விற்கிறார்கள். காதர் ஆறு தின்றார். நான் ஒன்று தின்றேன். மீனை எதற்காக அரைக்க வேண்டும் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. பல் இல்லாதவர்களுக்குச் சரி.

பிடில்காரர் பெத்ரோ, ஆற்றில் போகிற லாஞ்சியில் எஞ்சின் பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். எண்ணெய்க் கையை வேட்டி மாதிரி கட்டியிருந்த கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார். பாடுவது அவர் மனைவி ரோசா. கனத்த உடம்பு, கழுத்தில் சிலுவை, வாயில் வெற்றிலை. காதர் மலாயில் பேசி எனக்குத் தமிழில் சொன்னார்.

பெத்ரோ கேட்டது ஒரே கேள்வி. "ஆட எத்தனை பேர் வருவார்கள்?"

"ஆட யாரும் இல்லைன்னு சொல்லுங்க. நாற்காலியில உக்காந்து கேப்பாங்க."

காதர் சொன்னார். புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"உக்காந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க அண்ணே. இது நம்ம கச்சேரி மாதிரி இல்ல. ரோசாம்மா கடைசியில ஒருத்தரைப் பாத்துப் பாடுவாங்க. அவங்க பாட்டாலயே பதில் சொல்லணும். சொல்ற வரைக்கும் பிடில் நிக்காது."

"பாடத் தெரியாதவன் என்ன பண்ணுவான்?"

"பேச்சாவாச்சும் சொல்லணும். சும்மா நின்னா சிரிச்சே கொன்னுருவாங்க."

வம்பை விலைக்கு வாங்குவதற்குப் பிடில் எதற்கு என்று கேட்டேன். காதர் அதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை திரும்பினோம். முன் இருக்கையை ரோசா நிறைத்துக்கொண்டாள். பெத்ரோ, கித்தார்க்காரர், மேளக்காரர், நான், நாலு பேரும் பின்னால். மேளம் என்றால் பெரிய கஞ்சிராதான். குழியில் லாரி குதிக்கும்போதெல்லாம் அது தானாக அடித்துக்கொண்டது. பிறகு கேட்ட கச்சேரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ரோசாவைத் தையல் வீட்டில் தங்கவைத்தார்கள். அன்று சாயங்காலம் முழுவதும் அடுப்படியில் இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொண்டே இருந்தார்கள். தையல் அந்த மொழியை இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்பது எனக்குத் தெரியாது. ரோசா ஊறின இறாலை இடித்துச் சுட்டு ஏதோ துவையல் செய்தாள். அந்த நாற்றத்தில் நான் வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது தையல் அழுதுகொண்டிருந்தாள், ரோசாவின் கை அவள் வயிற்றில் இருந்தது.

"என்ன பேச்சு அவகிட்ட?"

"சும்மா சமையல் பேச்சு அண்ணே."

"சமையலுக்கு யாராவது அழுவாங்களா?"

"வெங்காயம்."

முறத்தில் வெங்காயம் உரிக்காமல் அப்படியே கிடந்தது. ரோசா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். தையல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொல்றா?"

"ஒங்க அண்ணன் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரியே மனுசங்களையும் பாக்குறாருன்னு சொல்றாங்க."

முன்னே பின்னே தெரியாத பொம்பிளைக்கு அவ்வளவு வாய். துவையல் மட்டும், சோற்றில் பிசைந்தபோது அவ்வளவு மோசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் துரை பங்களாவின் புல்தரையில் கச்சேரி. முன்வரிசையில் பிரம்பு நாற்காலிகள். துரை, துரையம்மா, பக்கத்துத் தோட்டத்துத் துரைகள் இரண்டு பேர். பின்னால் ஒரு பெஞ்சில் ஆபீஸ் ஆட்கள், அதன் ஓரத்தில் தையலும் நானும், எங்களுக்குப் பக்கத்தில் காதர். அதற்கும் பின்னால் கூலி ஜனங்கள், வெயிலில், நின்றபடி. ஒரு வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. எல்லோரும் வெள்ளை கட்டி வரவேண்டும் என்று மாப்பிள்ளை உத்தரவு போட்டிருந்தார். லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறவர்கள் வெள்ளைத் துணிக்கு எங்கே போவார்கள்? வேட்டியை இரண்டாகக் கிழித்துக் கட்டியிருந்தவர்களைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அந்தப் புழுக்கத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு துரையம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் இங்கிலீஷில் அர்த்தம் சொல்வதாக அவராகவே வாக்குக் கொடுத்திருந்தாராம். சிரானி பாஷைப் பாட்டுகளுக்குக் காலையிலேயே பெத்ரோவை உட்காரவைத்து மலாயில் பொருள் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் வியர்வையில் நனைந்து தொங்கியது.

பெத்ரோ பிடிலை மோவாய்க்குக் கீழே வைக்காமல் மார்பில் சாய்த்துக்கொண்டு இழுத்தார். முதல் பாட்டு. அதைப் பாட்டு என்று நான் சொல்லமாட்டேன். முளைக்குச்சியில் கட்டிய கன்று சுற்றுகிற மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கேயாவது ஏறும், இறங்கும் என்று பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. மேளக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். ரோசாவின் குரல் மட்டும் உரக்க இருந்தது. கூவி மீன் விற்கிற குரல்.

"திஸ் சாங் சேஸ்..." என்று மாப்பிள்ளை தொடங்கினார். மூன்றாம் பாரம் வரைக்கும் நான் படித்திருக்கிறேன், அவ்வளவு எனக்குப் புரியும். இந்தப் பாட்டு சொல்கிறது, கடல் பெரிது. இந்தப் பாட்டு சொல்கிறது, பெண் அழகு. துரையம்மா தலையை ஆட்டிவிட்டுத் துரையிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவள் கேட்டது மெதுவான பாட்டாம், அழவைக்கிற பாட்டாம், இது குதிக்கிறதாம். மாப்பிள்ளை அதற்கும் 'சாரி மேடம்' என்றார். நானூறு வருஷத்துப் பாட்டுக்கு இவர் மன்னிப்புக் கேட்கிறார்.

இரண்டாவது பாட்டுக்கு ரோசாவும் கித்தார்க்காரரும் எதிரெதிராக நின்று காலைத் தேய்த்துத் தேய்த்து ஆடினார்கள். கையைத் தொடவில்லை. ரோசா நாற்காலிக்காரர்களைப் பார்த்துக் கையை நீட்டி ஆட அழைத்தாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு துரை தன் சுருட்டைப் பார்த்தார். பெத்ரோ வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"மரக்கட்டைக்கு வாசிக்கிறேங்குறாரு" என்று காதர் என் காதில் சொன்னார்.

ரோசாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள். பிடில் நிற்கவில்லை. மலாயில் எடுத்தாள், நேரே காதரைப் பார்த்து. காதர் எனக்குச் சொன்ன அர்த்தம் இது:

"மலைமேல மழை பேஞ்சா அடிவாரத்துல நிக்காது. ஊர் ஊரா ஓடுற லாரிக்காரன் மனசு எந்த ஊர்ல நிக்கும்?"

"அலமாக்!" என்று காதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கூலிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, கழுதைக் குரலில் திருப்பிப் பாடினார். சேற்றில் சக்கரம் எங்கே இறங்குதோ அங்கே நிற்கும், ரோசாம்மா மூவாரில் இருந்தால் அங்கேயே நிற்கும் என்று பாடியதாகப் பிறகு சொன்னார். ரோசா அவர் தோளில் ஓங்கித் தட்டினாள். வெள்ளை கட்டி நின்ற ஜனங்கள் அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளை அங்கிருந்தே கையை அசைத்து அமைதி, அமைதி என்றார். பிறகு, "திஸ் சாங் சேஸ்..." என்று லாரியையும் மழையையும் துரையம்மாவுக்கு விளக்கினார்.

அடுத்து ரோசா தையல் முன்னால் போய் நின்றாள்.

"மூவார் ஆத்துல ரெண்டு ஓடம். ஒண்ணு கட்டிக் கெடக்கு, ஒண்ணு மெதக்குது. தங்கச்சி, உன் காலு இங்க நிக்குது, கண்ணு எங்க போவுது?"

அப்படித்தான் காதர் சொன்னார். முந்தின நாள் அடுப்படியில் என்ன பேசினார்கள் என்று புரிந்துவிட்டது. தையல் எழுந்து நின்றாள். அவளை உட்காரவைக்கலாம் என்று நானும் எழுந்தேன். பிள்ளைத்தாச்சி, நாலு பேர் முன்னால், கூத்துக்காரியின் பாட்டுக்குப் பதில் சொல்லவா? அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாற்காலிகளுக்கு அப்பால், கோட்டுப் போட்டு நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். அந்த மெட்டிலேயே மலாயில் பாடினாள்.

குரல் நன்றாக இல்லை. முதல் வரி நடுங்கியது. எங்கள் வீட்டில் யாரும் பாடி நான் கேட்டதில்லை.

காதர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து உலுக்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மரத்தைக் கீறினா பால் வரும், மழை வந்தா அந்தப் பாலும் வீண். ஒரு பிள்ளைய இந்த மண்ணுக்குக் குடுத்தாச்சு, இந்தப் பிள்ளைக்குக் கப்பலைக் காட்டுங்க."

"இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்?"

"காய்கறி விக்க வர்ற கம்பத்துப் பொம்பளைங்க இப்படித்தாண்ணே பேசிக்குவாங்க. அஞ்சு வருசமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு."

கம்பம் என்றால் மலாய்க்காரர் கிராமம். புல்தரையில் மலாய் தெரியாதவர்கள் நானும் முன்வரிசையும்தான். மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேராவது அந்த மண்ணுக்குப் பிள்ளை கொடுத்தவர்கள்.

பிடில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. பெத்ரோ மாப்பிள்ளையைப் பார்த்தபடி வாசித்தார். ரோசா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

துரையம்மா அண்ணாந்து பார்த்து, என்ன பாட்டு என்று கேட்டாள்.

இவர் என்ன சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடல் பெரிது என்று சொல்வார். பெண் அழகு என்று சொல்வார். பெரிய கிராணி நாற்காலி ஒரு முழ தூரத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடுவாரா? மாடு விற்கிறவன் மாட்டின் குறையைச் சொல்வானா? நான் அவர் பக்கமாக இரண்டு அடி நடந்தேன். பொய் சொன்னால் அங்கேயே கோட்டைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று நினைத்தேன்.

"மை ஒய்ஃப் சேஸ்..." என்றார் மாப்பிள்ளை.

பாட்டு சொல்கிறது என்று சொல்லவில்லை. என் மனைவி சொல்கிறாள் என்றார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 'சைல்ட்' என்ற சொல் என் காதில் விழுந்தது. 'டெட்' என்ற சொல் விழுந்தது. கடைசியில் 'ஷிப்' விழுந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. காகிதத்தைக் கசக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

துரையம்மா கையைத் தட்டினாள். "சார்மிங்! சார்மிங்!" என்றாள். அவள் கேட்க வந்த அழுகைப் பாட்டு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. துரை தலையசைத்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரைகளும் தட்டினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாள், நாலு பேர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கைதட்டுகிறார்கள். அவர்களைவிட என் மாட்டுச் சந்தையில் நிற்கும் கசாப்புக்காரர்களுக்கு அதிக விவரம் உண்டு.

கைதட்டல் ஓய்ந்தது. பிடில் ஓயவில்லை. இங்கிலீஷில் அர்த்தம் சொன்னது பதில் ஆகாது என்று பெத்ரோவுக்குத் தெரியும். அதே இடத்தைச் சுற்றிக்கொண்டு, அதே ஒற்றை மெட்டை, மறுபடி, மறுபடி இழுத்தார். எனக்குப் பல் கூசியது. எப்போது நிற்கும் என்று ஆகிவிட்டது. மேளக்காரரும் கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். வெயிலில் நின்ற அத்தனை ஜனமும் பார்த்தது. சிரித்துக் கொல்வார்கள் என்று காதர் சொன்னாரே, ஒருவரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை நாற்காலிகளை விட்டு விலகி வந்தார். துரையின் முன்னால் குறுக்கே நடந்து வந்தார். வேறு நாளாக இருந்தால் அதற்கே உயிரை விட்டிருப்பார். தையலுக்கு மூன்று அடி முன்னால் நின்றார். பாடத் தெரியாது. மலாயில் நாலு வரி கோக்கவும் தெரியாது போலிருக்கிறது. தமிழில் பேசினார்.

"போயிட்டு வா."

'போயிட்டு' என்பது சரியாகத்தான் வந்தது. 'வா' என்கிறபோது குரல் உடைந்துவிட்டது.

வியாழக்கிழமை அவர் பாதியில் நிறுத்திய பேச்சு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவ இப்பப் போனா, திரும்பி வரமாட்டா. அதுதான் அவர் பயம். பெரிய கிராணி நாற்காலியை நானாக அவர் வாயில் திணித்தேன். அதற்காக அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். பயந்தவர் அவளிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? நானும் மூன்று வாரம் அவரோடு மல்லுக்கட்டினேனே தவிர, அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திப் பேசச் சொல்லவில்லை. அதைச் செய்ய மூவாரிலிருந்து, இறால் நாற்றமடிக்கும் ஒருத்தி லாரி ஏறி வரவேண்டியிருந்தது.

போயிட்டு வா என்றால் வர்றேன் என்று சொல்வது நம் வழக்கம். யோசித்துச் சொல்கிற வார்த்தையா அது? தையல் யோசித்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"பிள்ளை பொழைச்சா வர்றேன்" என்றாள்.

பெத்ரோ தந்தியிலிருந்து வில்லை எடுத்துவிட்டார். பிடில் நின்றது. கித்தார்க்காரர் கித்தாரைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். மொத்தக் கச்சேரியும் அரை மணி நேரம்கூட இல்லை.

துரையம்மாவுக்கு இன்னும் வேண்டும் போலிருந்தது. நாற்காலியில் திரும்பி, அந்தப் பெண் கடைசியாக என்ன சொன்னாள் என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள்.

அதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.